இறங்கத் தெரியாத லிஃப்ட்காரர்

லிஃப்ட் கெட்டுப்போனால்தான் அவரைக் கூப்பிடுவார்கள். கெட்டுப்போன லிஃப்ட்டில் மேலே போக முடியாது. ஆகவே பதினோரு கிலோ எடையுள்ள கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறித்தான் போவார். பன்னிரண்டு மாடி, பதினாறு மாடி, ஒரு கட்டிடத்தில் இருபத்திரண்டு. மோட்டார் இருப்பது எப்போதும் உச்சியில். பழுது தீர்ந்ததும் அந்தப் பெட்டியில் முதல் ஆளாக ஏற வேண்டியவர் பழுது பார்த்தவரே. யாரும் எழுதி வைக்காத சட்டம், யாரும் மீறாத சட்டமும் அதுதான். தான் சரிசெய்ததில் தானே நின்று கீழே வந்து, கதவைத் திறந்து, காத்திருப்பவர்களிடம் "போகலாம்" என்பார். இருபத்தொன்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

இத்தனை உயரம் ஏறியும் அவர் எதையும் பார்த்ததில்லை. மோட்டார் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு குண்டு பல்பு, கிரீஸ் வாடை, கம்பி வடம் உரசும் சத்தம். கட்டிடத்துக்கு மேலே என்னதான் இருக்கிறது என்று கேட்டால் ஒரு இரும்புக் கதவு இருக்கிறது என்பார்.

ஒரு நாள் ஓர் அலுவலகக் கட்டிடத்தில் லிஃப்ட் கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. அதை நேராக்க மூன்று மணி நேரம் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். எதிரே சுவரில் ஒரு பயண நிறுவனத்தின் விளம்பரம். ஆசியாவில் மூன்று நாடுகள், பதினாறு நாள். ரயில், பஸ், படகு. பதின்மூன்றாம் நாள் ஒரு மலை. முன்னே பின்னே மலையேறாதவர்களும் வரலாமாம். படத்தில் ஒரு மனிதன் நின்றிருந்தான். அவன் காலுக்குக் கீழே மேகம் பஞ்சு மெத்தை போல் விரிந்து கிடந்தது. கதவை நேராக்கிவிட்ட பிறகும் அவர் சற்று நேரம் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு மூன்று மாடித் துணிக்கடையில் வேலை பார்ப்பவள்.

"மலையா? இந்த வயசுலயா?"

"ஏறுறதுதானே என் பொழப்பே. எனக்கென்ன புதுசா?"

"வருஷம் பூரா ஏறினது போதாதுன்னு லீவு போட்டு வேற ஏறணுமாக்கும்."

"மேகத்துக்கு மேல ஒரு தடவை நின்னு பாக்கணும். அவ்வளவுதான்."

அவள் சோற்றைப் பரிமாறினாள். கை கழுவும்போது, "தனியா விட்டா தொலைஞ்சு போயிடுவீங்க. நானும் வரேன். ஏறல்லாம் மாட்டேன், துணைக்குத்தான்" என்றாள்.

பயணத்தில் எட்டுப் பேர். அழைத்துப் போனவள் நாற்பது வயதுப் பெண், நிறைய மலை பார்த்தவள். எல்லாரும் அவளை கேப்டன் என்றார்கள். சும்மா இருக்கத் தெரியாத ஒரு பல் டாக்டரும் உண்டு. முதல் நாள் ரயிலிலேயே இவருக்கு லிஃப்ட்காரர் என்று பெயர் வைத்தது அவர்தான்.

மூன்றாம் நாள் பயிற்சிக்கு ஒரு சின்னக் குன்று. யார் யாரை மலைக்கு அழைத்துப் போவது என்பதை கேப்டன் அங்கேதான் பார்ப்பாள். ஏறி, பிறர் கையைப் பிடிக்காமல் இறங்கி வர வேண்டும்.

லிஃப்ட்காரர் ஏறிய வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். மூச்சு வாங்கவில்லை, ஓரிடத்திலும் நிற்கவில்லை. துணைக்கு ஏறிய மனைவி உட்படப் பின்னால் வந்தவர்களுக்கு உச்சியில் நின்று வாயெல்லாம் பல்லாகக் கையசைத்தார்.

இறங்கத் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் தொடை நடுங்கியது. அடுத்த பத்து நிமிஷத்தில் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பாறையில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, பாதி தூரத்தை உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார். துணைக்கு வந்தவளோ ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்தவள் போல் அலுங்காமல் குலுங்காமல் இறங்கி நின்றாள்.

"லிஃப்ட்காரரே, கரண்ட் போயிடுச்சா?" என்றார் பல் டாக்டர்.

கேப்டன் சிரிக்கவில்லை. "சார், வீடு எத்தனாவது மாடி?"

"தரைத்தளம்."

"வேலையில எப்படி இறங்குவீங்க?"

இருபத்தொன்பது வருஷத்தில் தான் ஒரு மாடிகூட நடந்து இறங்கியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"ஏறுறது உங்க ஆசை சார். இறக்கிக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு. இப்படியே உங்களை மேல கூட்டிட்டுப் போக முடியாது. அடிவாரத்துல, பதினோராம் நாள், இன்னொரு தடவை பாக்கிறேன்." பிறகு மனைவியைப் பார்த்து, "அக்கா, நீங்க வரலாம்" என்றாள்.

"நான் ஏற வரலைம்மா."

"ஏறி இறங்கியே காட்டிட்டீங்களே."

அன்று பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நெல்வயல்கள் பச்சையும் தண்ணீருமாக மாறி மாறிப் போயின. பிறகு அவர் கேட்டார், "நீ எங்க பழகின?"

"கடையிலதான். சரக்கு மூணாவது மாடியில. லிஃப்ட்டு கடைக்கு வர்றவங்களுக்கு மட்டும். ரெண்டு கையிலயும் துணி உருளையைத் தூக்கிட்டு ஒரு நாளைக்கு முப்பது தடவை இறங்குறேன். கால் எங்க இருக்குன்னே தெரியாது. விரல்தான் படியோட ஓரத்தைத் தேடும்."

"எனக்குச் சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

அடுத்த எட்டு நாள் அவர் எந்த ஊரையும் மற்றவர்கள் பார்த்த மாதிரி பார்க்கவில்லை. தங்கிய இடமெல்லாம் லிஃப்ட்டில் மேலே போய், படி வழியே இறங்கினார். மனைவி ஒரு படி முன்னால் போவாள். "குனியாதீங்க. முட்டியை விறைக்காதீங்க. கால் போற இடத்துக்கு முதல்ல விரலை அனுப்புங்க." அவர் விரலை அனுப்பினார். பழகத் தொடங்கிய மூன்றாம் நாள் கால்கள் விறகுக் கட்டையாக இருந்தன. ஐந்தாம் நாள் வலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதுவே ஒரு தெம்பாக இருந்தது.

நடுவே ஆசியா தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய ஏரியை விடிகாலையில் படகில் கடந்தார்கள். பனி இறங்கி நீர் எது வானம் எது என்று தெரியாமல் போயிற்று. படகு எங்கும் போகாமல் வெறுமனே மிதப்பது போல் இருந்தது. அவருக்குக் கண் சொருகியது. முடிவே இல்லாத ஒரு மாடிப்படியில் தான் இறங்கிக்கொண்டே இருப்பதாகவும், ஒவ்வொரு தளத்திலும் யாரோ கதவைத் திறந்து "போகலாமா?" என்று கேட்பதாகவும், "இன்னும் இல்லை" என்று தான் பதில் சொல்வதாகவும் தோன்றியது. விழித்தபோது கரை வந்திருந்தது. உறக்கத்திலும் கால் விரல்கள் மடங்கி மடங்கி நீண்டதாக மனைவி சொன்னாள்.

பதினோராம் நாள், அடிவாரத்து விடுதிக்குப் பின்னாலிருந்த சரிவில் கேப்டன் அவரை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். ஒரு தடவை தடுமாறினார், ஆனால் யாரையும் பிடிக்கவில்லை. கேப்டன் கைக்கடிகாரத்தையும் பார்த்தாள், அவர் தொடையையும் பார்த்தாள்.

"சார், கடைசிக் கணவாய் வரைக்கும் வாங்க. அங்கிருந்து உச்சிக்கு ஒரு மணி நேரம். அங்க நின்னு நீங்களே முடிவு பண்ணணும். பொய் மட்டும் சொல்லக் கூடாது."

"என்கிட்டயா, உங்ககிட்டயா?"

"முட்டிகிட்ட."

பதின்மூன்றாம் நாள் வெளுக்கும்போது கிளம்பினார்கள். முதலில் மரங்கள், பிறகு புதர்கள், பிறகு வெறும் கல். அவர் இந்தத் தடவை கடைசி ஆளாக, ஒரே சீராக ஏறினார். மேகத்துக்குள் நுழைந்தார்கள், முன்னால் போகும் மனைவியின் முதுகுப் பை மட்டும் தெரிந்தது. உலகில் இருப்பதே அந்த நீலப் பை ஒன்றுதான் என்பது போல் அதன் பின்னாலேயே போனார்.

கணவாயை அடைந்தபோது பை முழுக்கத் தெரிந்தது. அதை மாட்டியிருந்தவள் தெரிந்தாள். மேகம் முட்டிக்குக் கீழே, இடுப்புயரக் கற்சுவருக்கு அப்பால், கண் போகும் தூரம் வரை அசையாமல் கிடந்தது. அங்கங்கே ஒரு கரிய முகடு அதிலிருந்து தலை நீட்டியது. அவர் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

தலைக்கு மேலே உச்சி இருந்தது. வெயில் பட்டு வெள்ளையாக, கைக்கெட்டும் தூரம் போல.

"வாங்க, ஒரு மணி நேரந்தான்" என்றார் பல் டாக்டர். "இவ்வளவு தூரம் வந்துட்டு?"

லிஃப்ட்காரர் வந்த வழியே இருபது அடி இறங்கினார். திரும்ப ஏறி வந்தார். இடது தொடையைக் கையால் பிடித்துப் பார்த்தார். உள்ளே ஏதோ மீன் துள்ளுவது போல் துள்ளியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ஏறிவிடலாம். ஏறுவது அவருக்கு ஒன்றுமே இல்லை. உச்சியை மறுபடியும் பார்த்தார், நெடுநேரம்.

"நான் இங்க நிக்கிறேன், கேப்டன்."

கேப்டன் தலையசைத்தாள். மனைவி பையைக் கழற்றப் போனாள்.

"நீ எதுக்குக் கழட்டுற? நீ போ."

"உங்களை விட்டுட்டா? ஆசைப்பட்டது நீங்க."

"இப்ப உனக்கு ஆசையில்லைன்னு சொல்லு பாப்போம்."

அவள் உச்சியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கும் வரவில்லை. பை வாரை இறுக்கிக்கொண்டு போனாள். அவள் சின்னப் புள்ளியாகி, வெள்ளையில் கரையும் வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் சுவரில் சாய்ந்து மேகத்தைப் பார்த்தார். ஏமாற்றம் இருந்தது. மேகமும் இருந்தது. ஒன்று மற்றொன்றைத் துரத்தவில்லை.

இரண்டரை மணி நேரம் கழித்து அவள் வந்தாள், முகமெல்லாம் சிவந்து, கண் பளபளக்க.

"என்னங்க, அங்க—"

"இரு. முதல்ல இறங்குவோம்."

"மேல என்ன பாத்தேன்னு கேக்க மாட்டீங்களா?"

"இப்பக் கேட்டா புத்தி அங்க போயிடும், கால் இங்க வழுக்கும்."

அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் நடந்தாள். அவர் விரலை அனுப்பி, குதிகாலை வைத்து, மறுபடி விரலை அனுப்பினார். கல் போய்ப் புதர் வந்தது. புதர் போய் மரம் வந்தது. இரண்டு இடத்தில் நின்றார். ஒரு இடத்தில் மனைவியின் கை தானாகப் பின்னால் நீண்டது. அதை அவர் பிடிக்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் விடுதி முற்றத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஷூ நாடாக்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கால்களை நீட்டினார், அவை நடுங்கின, நடுங்கட்டும் என்று விட்டார். மனைவி அருகே உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லு" என்றார்.