பீலிக்ஸ் ஓடாத ஒன்பது நாட்கள்

எசன் நகரத்து மன்னார் ஆட்களுக்குள் எந்த முடிச்சு விழுந்தாலும் பீலிக்ஸைத்தான் கூப்பிடுவார்கள். திருவிழாவில் கொடிக்கயிறு சிக்கினாலும் சரி, கூடாரக் கயிறு இறுகினாலும் சரி, மனிதர் கண்ணால்கூடப் பார்க்காமல் விரலாலேயே அவிழ்த்துவிடுவார். எங்கே பழகியது என்று கேட்டால் "மீன்பிடியில" என்பார். இருபது வருடமாக அதையே சொல்லிச் சொல்லி, அது பொய் என்ற நினைப்பே அவருக்கு விட்டுப்போயிருந்தது.

உண்மை, அவருடைய வீட்டுச் சுவரில் மடுமாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. எட்டாக மடித்த ஒரு கடுதாசி. மன்னார்ப் பேசாலையில் பிறந்த பீலிக்ஸ் பதினெட்டு வயதில், ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதில், இலங்கைக் கடற்படையில் சேர்ந்தார். கப்பலின் இயந்திர அறையில் வேலை. அறுபத்தைந்து தை மாதம் அவரை வெளியே அனுப்பினார்கள். அனுப்பும்போது கொடுத்த சான்றிதழின் கடைசிக் கட்டத்தில் ஒரேயொரு ஆங்கில எழுத்து இருந்தது: R. கடற்படைப் பதிவேட்டில் அந்த எழுத்துக்கு ஓடிப்போனவன் என்று பொருள். அந்தக் கடுதாசியைக் காட்டினால் துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் விடமாட்டார்கள். பீலிக்ஸ் அதை மடித்து வைத்துவிட்டு மாமனோடு வள்ளத்தில் ஏறினார். ஆகவே மீன்பிடியும் முழுப் பொய் அல்ல.

எண்பத்தைந்தில் அகதியாக ஜெர்மனிக்கு வந்தபோது அவருக்குக் கேஸ் எழுதிக் கொடுத்தவர் விமலநாதன். அந்த நாளில் வந்தவர்களுக்குக் கேஸ் என்பது பெரிய விஷயம். யார் எங்கிருந்து வந்தான், ஏன் வந்தான் என்று அதிகாரிகளிடம் சொல்லும் கதை அது. அதை நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு ஊரில் தபாலதிபருக்கு இருந்த மரியாதை இருந்தது. விமலநாதன் ஒரே கேஸை ஏழு பேருக்கு எழுதினார். கேஸில் ஏழு பேரும் மீனவர்கள். அதில் ஒருவர் கொடிகாமத்தில் தோட்டம் செய்தவர், கப்பலைப் படத்தில் மட்டும் கண்டவர். பீலிக்ஸ் கடற்படையில் இருந்ததை எழுதவா என்று கேட்டபோது, "அதை விடுங்கோ, அண்ணை. அரசாங்கத்தின்ர ஆள் எண்டு நினைச்சுப்போடுவாங்கள்" என்று விமலநாதன் சொல்லிவிட்டார். பீலிக்ஸுக்கும் அது வசதியாகப் போயிற்று. கடற்படை இல்லையென்றால் அந்த R-உம் இல்லை.

பிறகு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் பாத்திரம் கழுவும் மெஷினுக்கு அவர் பொறுப்பு. அதைக் கப்பல் இயந்திரம் போலத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார். மகள் பிறின்சி படித்து மியூனிக்கில் வேலைக்குப் போய்விட்டாள். இரண்டாயிரத்து நாலில் அவரும் மனைவி பேர்பெச்சுவாவும் ஜெர்மன் குடியுரிமைக்கு அன்ராக், அதாவது விண்ணப்பம், போட்டார்கள். அதோடு தன் வாழ்க்கை வரலாற்றைத் தன் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். 1960 முதல் 1984 வரை மீனவர் என்று எழுதி, கீழே கையெழுத்து வைத்தார்.

அந்த மார்கழியில்தான் கடல் வந்தது.

நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, அடுத்த நாள் தொலைக்காட்சியில் கரையெல்லாம் பிணம் காட்டினார்கள். பேர்பெச்சுவா செபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். பீலிக்ஸ் நின்றபடியே பார்த்தார். ஒரு கரையில் நாலைந்து பேர் காற்சட்டையை மடித்துக்கொண்டு குழி தோண்டுவதைக் காட்டியபோது, "உவங்களையும் ஓடிப்போனவங்கள் எண்டு எழுதுவாங்களோ?" என்று கேட்டார். கேட்ட குரலில் பேர்பெச்சுவா திரும்பிப் பார்த்தாள். அதில் இருந்தது கவலை அல்ல, கோபம்.

சரியாக நாற்பது வருடத்துக்கு முன், அறுபத்துநாலு மார்கழியில், நத்தார் விடுமுறைக்கு அவர் பேசாலைக்கு வந்திருந்தபோது பெரும் புயல் அடித்தது. விடிந்து பார்த்தால் கரையில் வள்ளம் இல்லை. பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக ஒதுங்கத் தொடங்கினார்கள். சொந்தக்காரர் தொட அஞ்சினார்கள். அடிபட்ட உடம்பைத் தூக்கவும் கட்டவும் கடற்படையில் பழகியிருந்தவர் ஊரில் பீலிக்ஸ் ஒருவர்தான். பங்குச் சுவாமியும் அவரும் இன்னும் மூன்று பேருமாகக் குழி வெட்டினார்கள். விடுமுறை இருபத்தேழாம் திகதி முடிந்தது. ரயில் பாதையைக் கடல் கொண்டுபோயிருந்தது, தந்திக் கம்பி அறுந்து கிடந்தது. பாதை கிடந்திருந்தாலும் அவர் போயிருக்க மாட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசிக் குழியை மூடிவிட்டுப் பாதித் தூரம் நடந்து, பாதித் தூரம் லொறியில் ஏறி, தை ஐந்தாம் திகதி முகாம் வாசலில் தானாகப் போய் நின்றார்.

ஒன்பது நாள் பிந்தி வந்ததற்குத் தண்டனை தந்திருந்தால் சிரித்துக்கொண்டு வாங்கியிருப்பார். ஆனால் ஏழாம் நாளே ஒரு அதிகாரி பதிவேட்டில் R போட்டுவிட்டார். ஆள் எதிரே வந்து நிற்கிறான், ஓடவில்லை என்று குருடனுக்கும் தெரியும். ஆனாலும் மையால் எழுதியதை வெட்டினால் மேலிடத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டும். ஒரு மனிதனின் பெயரைவிட அந்த விளக்கம் அவருக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது. இப்படிப்பட்ட ஆட்களை நினைத்தால் எழுதுகிற எனக்கே பல்லு நெறுநெறுக்கிறது.

தை பிறந்ததும் பீலிக்ஸ் மடுமாதா படத்தைக் கழற்றினார். கடுதாசியை எடுத்துக்கொண்டு விமலநாதனிடம் போனார். பழைய பதிவுகளைத் திருத்தக் கொழும்பில் ஒரு சபை இருக்கிறதாம், அதற்கு விண்ணப்பம் எழுத வேண்டும் என்றார்.

விமலநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அண்ணை, இப்ப போய் நேவியில இருந்தனான் எண்டால், எண்பத்தஞ்சில பொய் சொன்னனீங்கள் எண்டாகுது. போன வருசம் கைப்பட எழுதிக் குடுத்ததும் பொய்யாகுது. ஜெர்மன் பாஸ் கையில வரட்டும். பிறகு உந்த வேலையைப் பாருங்கோ."

"நாப்பது வருசம் பொறுத்தாச்சு, தம்பி. இனி ஏலாது."

"ஆர் இப்ப அந்த எழுத்தைப் பாக்கப் போகினம்?"

"நான் பாக்கிறன்."

வேறு வழியில்லாமல் விமலநாதன் எழுதினார். நடந்த தவறைத் தயவுகூர்ந்து மன்னித்து, முதுமையைக் கருத்தில் கொண்டு என்று அழகாகத்தான் தொடங்கினார். பீலிக்ஸ் பேனையை வாங்கி அந்த இரண்டு வரியையும் குறுக்காக வெட்டினார். "மன்னிப்பு அவங்கள் என்னட்டக் கேக்க வேணும்" என்றார். விமலநாதன் புதுத்தாள் எடுத்தார்.

கதை பரவ எவ்வளவு நேரம் எடுக்கும்? அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது செல்வரட்ணம் வழிமறித்தார். கரையூர்க்காரர், கடற்படையின் குண்டுக்கு வீட்டைப் பறிகொடுத்தவர். அவருடைய கோபத்திலும் நியாயம் இருந்தது.

"உவங்களிட்டயோ போய் நல்ல பேர் கேக்கிறியள்?"

"நல்ல பேர் கேக்கேல்லை, செல்வரட்ணம். எழுதின பொய்யை அழி எண்டு கேக்கிறன். பொய் எழுதினவனிட்டத்தானே அதைக் கேக்கலாம்? நாட்டை விட்டு ஓடினனான், ஓம். அதை ஆரிட்டயும் மறைக்கேல்லை. அறுபத்துநாலில ஓடேல்லை."

செல்வரட்ணம் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு சில மாதம் அவர் பீலிக்ஸோடு கதைக்கவில்லை.

உண்மையில் பீலிக்ஸை உறுத்தியது செல்வரட்ணம் அல்ல. விண்ணப்பத்துக்கு வேண்டிய பிரதிகளைத் தேடியபோது, குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்த வாழ்க்கை வரலாறு கையில் அகப்பட்டது. மீனவர், மீனவர் என்று தன் கையெழுத்திலேயே இருந்தது. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. பேர்பெச்சுவா கேட்டதற்கு, "அந்த எழுத்தைப் போட்டவன் ஒருத்தன். அதுக்குக் கீழ கையெழுத்து வைச்சவன் நான். இருபது வருசமா ஒளிச்சு வைச்சு, ஓம், ஓடினனான் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி" என்றார். வெட்கம் அவர் முகத்தில் பச்சையாகத் தெரிந்தது.

"பிறின்சி அறிஞ்சால் பேசுவாள். பாஸ் இல்லாமற் போனால் என்ன செய்யிறது?" என்றாள் பேர்பெச்சுவா.

"இல்லாமற் போகட்டும்."

ஒரு வியாழக்கிழமைக்கு ரேர்மீன் எடுத்து, நேரம் குறித்து, வெள்ளைச் சட்டை போட்டு, குடியுரிமை அலுவலகத்துக்குத் தனியே போனார். அங்கே அவருடைய விண்ணப்பக் கோவையை வைத்திருந்த பெண் அதிகாரி அவர் நீட்டிய கடுதாசியையும் திருத்தி எழுதிய வாழ்க்கை வரலாற்றையும் நெடுநேரம் பார்த்தாள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டாள். பயமா என்றும் அவளே எடுத்துக் கொடுத்தாள். பயம் என்று சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். பீலிக்ஸ் தன் ஆஸ்பத்திரி ஜெர்மனில், "பயமில்லை. வெட்கம்" என்றார். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டு, கோவையை வேறொரு அடுக்கில் வைத்தாள். மறுபடி ஆராய வேண்டும், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்றாள். பீலிக்ஸ் நன்றி சொல்லி எழும்பினார்.

அடுத்த சிக்கல் சாட்சி. அந்த ஒன்பது நாளும் பீலிக்ஸ் எங்கே நின்றார் என்பதற்கு நேரில் கண்ட ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். பங்குச் சுவாமி செத்துப் போனார். குழி வெட்டிய மூன்று பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை. பீலிக்ஸ் வீட்டுக்கு வந்திருந்த விமலநாதன் பேனையால் மேசையில் தட்டிக்கொண்டிருந்தார்.

தேத்தண்ணி கொண்டுவந்த பேர்பெச்சுவா தட்டத்தை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். "என்ர பேரை எழுதுங்கோ" என்றாள்.

"அக்கா, பெண்சாதியின்ர சாட்சி எடுபடாது."

"அறுபத்துநாலில நான் இவருக்குப் பெண்சாதியில்லை. இவர் ஆர் எண்டே எனக்குத் தெரியாது." சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி தொடர்ந்தாள். "என்ர அண்ணன் மனுவேல் அஞ்சாம் நாள்தான் கரைக்கு வந்தவர். என்னைப் பாக்க விடேல்லை. இவர்தான் சேட்டில இருந்த ஒட்டுத்துணியை வெட்டிக்கொண்டு வந்து, இது நீ தைச்சதோ எண்டு கேட்டவர். ஓம் எண்டனான். இரண்டாம் தரம் கேக்காமல் போய்ப் புதைச்சவர். அது மார்கழி இருபத்தேழு. இவற்ற லீவு முடிஞ்ச நாள். எழுதுங்கோ."

கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருடத்தில் இருவரும் அந்த ஒட்டுத்துணியைப் பற்றி வாய் திறந்ததில்லை. பீலிக்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விமலநாதன் எழுதினார், அன்றைக்கு ஒரு சொல்லும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

சித்திரையில் விண்ணப்பம் போனது. ஆவணியில், கிடைத்தது என்று இரண்டு வரி வந்தது. பிறகு மாதக்கணக்கில் ஒன்றுமில்லை. குடியுரிமைக் கோவையும் அந்த அடுக்கிலேயே கிடந்தது. பிறின்சி தொலைபேசியில் பேசத்தான் பேசினாள். பீலிக்ஸ் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெஷினைத் துடைக்கப் போனார்.

இரண்டாயிரத்து ஆறு வைகாசியில் கொழும்பு முத்திரையோடு தடித்த உறை வந்தது. பேர்பெச்சுவா கத்தரிக்கோலால் விளிம்பை நறுக்கினாள். உள்ளே புதிய சான்றிதழ். கடைசிக் கட்டத்தில் R இல்லை. அவள் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். உடனே விமலநாதனுக்குச் சொன்னாள், மியூனிக்குக்குப் போன் அடித்தாள், மீன் ரோல்ஸ் சுட்டாள். விமலநாதன் கேக்கோடு வந்தார். வாசலில் செல்வரட்ணமும் நின்றார். உள்ளே வரலாமோ என்று கேட்டார். பேர்பெச்சுவா அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பீலிக்ஸ் கண்ணாடியைப் போட்டு மறுபடியும் வாசித்தார். R இருந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. தன் சொந்த விருப்பத்தின் பேரில் சேவையிலிருந்து விலகியவர்.

"நான் எப்ப விரும்பினனான்?" என்றார்.

விமலநாதன் ரோல்ஸைக் கீழே வைத்தார். "அண்ணை, இது நல்ல சான்றிதழ். இதுக்கு மேல அவங்களிட்ட ஒண்டும் இல்லை. ஆக்கள் காலைப் பிடிச்சு வாங்கிறது."

"சொந்த விருப்பமெண்டால், நானாப் போனனான் எண்டுதானே? வாசலில வந்து நிண்டனான், தம்பி. உள்ளுக்கு விடுங்கோ எண்டு கேட்டனான். துரத்தினது அவங்கள். அதை எழுதச் சொல்லு." அவர் கடுதாசியை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். "இதை விட்டால் நாளைக்கு எங்கள் எல்லாரையும் இப்பிடித்தான் எழுதுவாங்கள். சொந்த விருப்பத்தில நாட்டை விட்டுப் போனவை எண்டு."

செல்வரட்ணம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

பேர்பெச்சுவா எழும்பினாள். ரோல்ஸ் தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள், ஈரத்துணியோடு வந்து மேசையைத் துடைத்தாள், பிறகு உலர்ந்த துணியால் இன்னொரு தரம் துடைத்தாள். மடுமாதா படத்தடியில் இருந்த வெள்ளைத்தாளையும் பேனையையும் கொண்டுவந்து கணவனுக்கு முன்னால் வைத்தாள்.

"கீழ எனக்கும் இடம் விட்டு எழுதுங்கோ" என்றாள்.