மேல்வீட்டுக் குளியலறைக்கு நான் செய்த செலவு

பழைய ஃபிளாட்டைப் புதுப்பிக்கப் போகிறேன் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்க வந்தால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன். என் வீட்டு வேலையில் பெரிய செலவு மேல்வீட்டுக் குளியலறைக்குத்தான் ஆனது. கேட்பவர் முகம் ஒரு மாதிரி ஆகும். ஆகட்டும். அந்தச் செலவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தென்காசியிலிருந்து ஆலங்குளத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய், மற்ற அலுவலகங்கள் அனுப்பும் பில்களைப் படித்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்பியே காலம் தள்ளினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் அந்த பில்லையும் திருப்பி அனுப்பிவிடுவேன். வாடகை வீடுகளிலேயே இருந்து சலித்துப்போய், ஓய்வூதியப் பணம் கைக்கு வந்ததும் தென்காசியில் ஒரு பழைய அடுக்குமாடியின் முதல் மாடியில் வீடு வாங்கினேன்.

ராயகிரியில் இருக்கும் என் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. அவர் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றுவிட்ட செய்தி மட்டும் அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அவர் வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. அதில் நெல் மூட்டைகளும் ஓடாத ஏர் கூலரும் போக மிச்சமுள்ள இடத்தில் நான் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பத்திரம் முடிந்த அன்றே மாற்றுச் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒத்தப் பொம்பள தனியா இருக்க. அவசர ஆத்திரத்துக்குச் சாவி ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்," என்றார். பிறகு ஹால் மூலையில் மேலே இருந்த ஈரக் கறையைப் பார்த்தார். "ஏட்டி, அடுத்த சீசனுக்குக் குத்தாலத்துல குளிக்க வருவேன். அன்னைக்கு இது ஒழுகிச்சுன்னு வையி, வீட்டப் பூட்டிட்டு நீ எங்கூடக் கிளம்பிரணும்."

சரி என்றேன். நான் தனியாக இருப்பதும் இல்லாததும் அந்தக் கறையில் வந்து நின்றது.

அந்தக் கறை தெரிந்தேதான் வாங்கினேன். தென்காசியில் மாசி, பங்குனியில் எல்லா வீடும் நல்ல வீடுதான். வெள்ளையடித்து, ஜன்னலைத் திறந்து வைத்துக் காட்டுவார்கள். நான் ஆடிச் சாரலில் குடை பிடித்துக்கொண்டு வீடு பார்க்கப் போனேன். தரகர், "அது பழைய கறைம்மா" என்றார். ஓட்டடைக் கம்பை வாங்கித் தட்டினேன். சுண்ணாம்பு ஈரத்தோடு கம்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. தரகரின் முகத்தோடு சேர்ந்து விலையும் இறங்கியது. ஆவணியில் பத்திரம் பதிந்தோம்.

எஸ்டிமேட் போட உட்கார்ந்தபோது செலவுகளை மூன்றாகப் பிரித்தேன். செய்யாவிட்டால் வீட்டையே கெடுத்துவிடுவது முதலாவது: தண்ணீர்க் குழாயும் மின்சார வயரும். இல்லாவிட்டால் நான் கஷ்டப்படுவது இரண்டாவது: சமையல் மேடை, குளியலறை, பின்பக்க பால்கனியில் துணி காயப் போட ஒரு மறைப்பு. வருகிறவர்கள் பார்த்து மெச்சுவது மூன்றாவது: ஹாலுக்குப் புது டைல்ஸ், டி.வி.க்குப் பின்னால் மரப்பலகை. இது தவிர, சுவரை உடைத்தால் உள்ளே என்ன பூதம் கிளம்புமோ என்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி, அப்படி ஒன்று இருப்பதையே கொத்தனாரிடம் சொல்லவில்லை. சொன்னால் பூதம் கட்டாயம் கிளம்பும்.

வேலையைத் தையில் தொடங்கினேன். இந்த ஊரில் சித்திரைக்குப் பிறகு ஆள் தேடினால் கிடைக்காது. குற்றாலத்து லாட்ஜுகள் எல்லாம் சீசனுக்கு முன்னால் பெயிண்ட் அடிக்கும். பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் அங்கேதான் கிடப்பார்கள்.

முதல் கேள்வி அந்தக் கறைதான். என் குளியலறைக்கு நேர் மேலே மேல்வீட்டுக் குளியலறை. அங்கே தரையில் இறங்கும் தண்ணீர் தளத்துக்குள்ளேயே ஊர்ந்து என் ஹால் மூலைக்கு வந்திருந்தது. கீழேயிருந்து எதைப் பூசினாலும் இரண்டு மாதம் நிற்கும், அவ்வளவுதான். மேலேதான் உடைக்க வேண்டும். மேல்வீட்டுக்காரர் கேரளத்துப் புனலூர்க்காரர். சீசனில் அந்த வீட்டைக் குளிக்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவார். ஐந்தருவியில் அவ்வளவு நேரம் நின்று குளித்துவிட்டு வருகிறவர்கள் திரும்பி வந்து ஏன் இன்னொரு தடவை குளிக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஆனால் குளிப்பார்கள்.

போனில் பேசினேன். "என் பாத்ரூம்ல ஒரு குழப்பமும் இல்ல சேச்சி," என்றார். "வேணும்னா நீங்களே உடைச்சு நீங்களே சரியாக்கிக்கோங்க. தரைக்கும் சுவருக்கும் புதிய டைல்ஸ் போட்டுத் தரணும். குழாயும் மாத்திரணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் வீட்டுத் தண்ணீர் என் தலையில் சொட்டுகிறது, அதற்கு நான் அவருக்குச் சீர் செய்ய வேண்டுமாம். குடியிருப்போர் சங்கத்தில் புகார் சொல்லலாம், வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். அதெல்லாம் முடிவதற்குள் சீசன் வந்துவிடும், கூடவே அண்ணனும் வந்துவிடுவார். கோபம் ஆறிய பிறகு எஸ்டிமேட்டை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் முதல் பிரிவில் இருந்தது. அது யார் வீட்டில் இருக்கிறது என்று நான் எழுதவில்லை. ஹால் டைல்ஸுக்கு வைத்திருந்த பணத்தை அப்படியே மேலே ஏற்றினேன். என் ஹாலில் பழைய மொசைக்கே இருக்கட்டும், பாலீஷ் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

மேலே வேலை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் சுவிட்ச் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, ஹாலில் அண்ணன். சொல்லாமல் வந்து, மாற்றுச் சாவியால் திறந்து, என் ஆட்களைக் கூப்பிட்டு வைத்து உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறார். மேல்வீட்டு வேலையை நிறுத்திவிட்டு மொசைக்கைப் பெயர்க்க வேண்டுமாம். கொத்தனார் என்னைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தெரியாமல் கையில் கரண்டியோடு நின்றார்.

"கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? எவனோ ஒருத்தன் பாத்ரூமுக்கு நீ டைல்ஸ் ஒட்டுத, ஒன் ஹால்ல பழைய மொசைக்கு கெடக்கு. ஊர்ல கேட்டாச் சிரிப்பாவ."

"சிரிக்கட்டும்ணே. மேல தண்ணிய நிறுத்தாம கீழ பளிங்கு போட்டா, அதுல வழுக்கி விழப்போறது நான்தான்," என்றேன். பிறகு கொத்தனாரிடம் திரும்பி, "உங்களுக்குக் கூலி தர்றது யாரு?" என்று கேட்டேன். அவர் மாடிப்படி ஏறிவிட்டார். அண்ணனை எதிர்த்து நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

அண்ணன் கிளம்பும்போது வாசலில் எலக்ட்ரீஷியன் காலிங் பெல்லுக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். அதையும் அவர் விடவில்லை. "ஒத்த ஆளுக்குப் பெல்லு எதுக்குட்டி?"

மேலே பழைய தரையை அள்ளிப் போட்டு, குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி அடைத்து, வாட்டர்ப்ரூஃபிங் பூச்சும் பூசி முடித்தார்கள். டைல்ஸ் ஒட்டலாமா என்று கேட்டபோது, கூடாது என்றேன். தண்ணீர் போகும் துளையைத் துணியால் அடைத்துத் தரை முழுக்கத் தண்ணீர் கட்டி நிறுத்தச் சொன்னேன். அது அங்கே நின்ற வரைக்கும் நான் கீழே என் ஹாலில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்தது. ஒரு சொட்டு வரவில்லை. அதன் பிறகுதான் டைல்ஸுக்கும் சம்மதித்தேன், அவர்கள் பில்லுக்கும் சம்மதித்தேன். முன்பணம் வேண்டுமானால் கொடுங்கள். கடைசிப் பணத்தைத் தண்ணீர் பார்த்த பிறகு கொடுங்கள்.

என் சுவர்களுக்குப் பட்டி பார்த்து பிரைமர் அடித்ததோடு நிறுத்திக்கொண்டேன். தளத்துக்குள் இருக்கும் பழைய ஈரம் காயாமல் பெயிண்ட் அடித்தால் ஆடியில் அப்பளம் மாதிரி பொங்கும். பெயிண்ட் பணம் பாங்கில் பத்திரமாக இருந்தது.

ஆனி பிறந்ததும் சாரல் கட்டியது. சொன்னபடி அண்ணன் வந்தார், மதினியும் வந்தார். வெறும் வெள்ளைச் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காசு தீந்துட்டோ?" என்றார் அண்ணன்.

"தீரல. சுவரு காயட்டும்னு வச்சிருக்கேன்."

மேல்வீட்டில் மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் வந்து இறங்கியிருந்தது. காலையில் தொடங்கினால் வாளிச் சத்தம் ஓயாது. அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்து, கறை இருந்த மூலைக்கு நேர் கீழே போட்டுக்கொண்டார். பேப்பர் படிப்பதும் அங்கே, காப்பியும் அங்கே. அருவிக்குப் போய்விட்டு வந்து தலை துவட்டுவதும் அங்கேதான். மேலே வாளி உருளும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பார். நானும் சமையல்கட்டிலிருந்து பார்ப்பேன். தண்ணீர் கட்டிச் சோதித்துப் பார்த்தவள்தான், ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மதினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தங்கச்சி வீட்டுக்கு வந்தியளா, பாரா பாக்க வந்தியளா?"

பின்பக்கத்து மறைப்பில் மூன்று பேருடைய ஈரத் துணியும் சாரல் படாமல் காய்ந்தது. மதினி அதைத்தான் ஊருக்கெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். ராயகிரி வீட்டில் இப்படி ஒன்று இல்லையே என்று அண்ணன் காதில் விழும்படியும் சொன்னார்.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் அண்ணன் ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்த மூலையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கையைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினார். காய்ந்த தூசிதான் இருந்தது. இறங்கி, ஸ்டூலை எடுத்த இடத்தில் வைத்தார். என்னைக் கிளம்பு என்று சொல்லவில்லை. நான் சமையல்கட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

பைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, பையில் கைவிட்டு மாற்றுச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அவசரத்துக்கு வேணும்னு சொன்னீங்களேண்ணே?"

"வந்தா பெல்லடிக்கேன். அது அடிக்கும்லா?"

நான் பதில் சொல்வதற்குள் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். பெல் அடித்தது. அவர் அப்படியே நின்றுகொண்டிருப்பார் என்று தெரியும். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, இரண்டாவது தடவையும் அடிக்கட்டும் என்று காத்திருந்து, அதன் பிறகு போய்க் கதவைத் திறந்தேன்.