வைக்கோல் தீயில் காயும் தோல்

திருவாரூரில் எங்கள் ஆட்கள் நடத்திய ஒரு கூட்டத்துக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சினார்கள். தோல் சூடேறும் அந்த வாசனையில், குடவாசல் பக்கம் எங்கள் தெருக்கோடியில், வாய்க்கால் கரையில் இருந்த கீற்றுக் கொட்டகை நினைவுக்கு வந்துவிட்டது. இப்போது அங்கே தண்ணீர்த் தொட்டி நிற்கிறது.

மேலத்தெருச் சாவுகளுக்கு இனிப் பறையடிக்கப் போவதில்லை என்று எங்கள் தெரு முடிவெடுத்து, எல்லோரும் பறையைப் பரணில் போட்ட பிறகும், என் சித்தப்பா மட்டும் அறுப்புக்குப் போய் வந்த சாயங்காலங்களில் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து, ஒரு கை வைக்கோலைக் கொளுத்தி, தோலைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, தனக்காக அடிப்பார். நான் தீயருகே குந்தியிருப்பேன்.

"தெருவே விட்டாச்சு, நீ உட மாட்டேங்குற. நீயெல்லாம் நம்ம ஆளாய்யா?" என்று வாய்க்காலுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்.

"சாவுக்கா அடிக்கிறேன்? எனக்குப் புடிச்சிருக்கு, அடிக்கிறேன்" என்பார். பிறகு அவர் மகள் காதுகுத்துக்குத் தெருவில் ஒருவரும் வரவில்லை.

"வாங்கண்ணே, நீங்களும் அடிங்க." மேடைக்குப் பின்னால் காய்ச்சிக்கொண்டிருந்தவர்களில் ஓர் இளைஞன் பறையை என் கையில் திணித்தான்.

தெரியாது என்றேன்.

"பறையடிக்கத் தெரியாதா? பேப்பர்ல சேந்துட்டா எல்லாம் மறந்துடுமோ? நீங்கள்லாம் நம்ம ஆளாண்ணே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோபம் வரவில்லை, அலுப்பாக இருந்தது.

"எனக்குக் கேக்கத்தான் புடிக்கும், தம்பி" என்று பறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தீ அணையும்வரை அங்கேயே குந்தியிருந்தேன்.