இடதுகை வில்லுக்கு எந்தப் பசை

அந்தத் தெருவில் அவளை எல்லாரும் 'ஏன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை அவளுடையது. யாராவது கல்யாணப் படத்தை நீட்டினால், "ஏன் மாப்பிள்ளை மட்டும் தரையைப் பாத்துட்டு நிக்கிறாரு?" என்று கேட்காமல் அளவுகோலைக் கையில் எடுக்க மாட்டாள். வந்தவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். பலர் உட்கார்ந்து கதையைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

அவளுடைய நாத்தனார் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். விளையாட்டு மைதானத்தில் வில்வித்தை சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே சேர்ந்தாள். முதல் வாரமே உம்மென்ற முகத்தோடு கடைக்கு வந்தாள்.

"அங்க இருக்கிற மரவில்லு ஒண்ணு கூட எனக்கு ஒத்து வரல அண்ணி. அம்பு வைக்கிறதுக்கு வெட்டியிருக்காங்கல்ல, அது எல்லாத்துலயும் சோத்துக்கைக்காரங்க பக்கமா இருக்கு. நான் இடதுகைக்காரின்னு சொன்னா, 'கைய மாத்திப் பழகிக்கம்மா'ங்கிறாரு மாஸ்டர்."

"கைய ஏன் மாத்தணும்? வில்ல மாத்தினா ஆகாதா?"

கேட்ட வாயே மாட்டிக்கொண்டது. வில் செய்யும் பொறுப்பு அண்ணியின் தலையில் விழுந்தது.

ஒரே கட்டையைச் செதுக்கிச் செய்வதைவிட, மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்வது எளிது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். ஒட்டுவதுதான் அவள் அன்றாடம் செய்கிற வேலையாயிற்றே! சட்டத்தின் மூலைகளுக்குப் பூசும் அதே வெள்ளைப் பசையைத் தாராளமாகப் பூசினாள். வளைவாக அறுத்த பலகைமேல் தகடுகளை வைத்து, பழைய சைக்கிள் டியூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டி இறுக்கிச் சுற்றினாள். காய்ந்ததும் பிரித்தால், வில் அழகென்றால் அப்படியோர் அழகு. நாண் பூட்டி, எல்லாரும் பார்க்கட்டுமென்று கடைச் சுவரில் மாட்டி வைத்தாள்.

நாத்தனார் அதை எடுக்க வந்தபோது வில் சோர்ந்துபோய்க் கிடந்தது. இழுத்தால் விறைப்பே இல்லை. நுனியில் சமமாக இருந்த தகடுகள் இப்போது படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கொன்று தள்ளி நின்றன. எதுவும் உடையவில்லை, பிரியவும் இல்லை. வழுக்கியிருந்தன, அவ்வளவுதான்.

"என்ன அண்ணி, ஏன் இப்படி ஆச்சு?"

ஏன் அக்காவிடமே ஒருத்தி 'ஏன்' என்று கேட்டுவிட்டாள். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. பக்கத்தில் கிடந்த தடித்த பத்திரிகையை எடுத்துச் சும்மா வளைத்தவள், அப்படியே நிறுத்திப் பார்த்தாள். வளைக்க வளைக்கத் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவி, ஓரம் சாய்வாகிக்கொண்டே போனது. தகடுகளும் இப்படித்தான் நழுவப் பார்க்கும். நழுவாமல் பிடித்துக்கொள்வதுதான் பசையின் வேலை. சட்டத்து மூலையை யாரும் வளைப்பதில்லை. அதனால் அங்கே வெள்ளைப் பசையே போதும். இரவும் பகலும் வளைந்தே நிற்கிற வில்லில் அது மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்துவிட்டது.

அப்படியானால் விட்டுக்கொடுக்காத பசை எது?

ஒட்டுப்பலகைக் கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். "ரெண்டையும் சரிக்குச் சரி கலக்கணும்மா. இரும்பு மாதிரி பிடிக்கும்."

இந்தத் தடவை அவள் வில்லில் கை வைக்கவில்லை. விரல் நீளத் துண்டுகளில்தான் ஒட்டிப் பார்த்தாள். இறுக்கினால்தானே பிடிக்கும் என்று பலம் கொண்ட மட்டும் இறுக்கினாள். மறுநாள் உளியை வைத்துத் தட்டியதும் பிஸ்கட் போல இரண்டாகப் பிளந்தது. உள்ளே பசையே இல்லை. இறுக்கிய இறுக்கில் எல்லாம் வெளியே பிதுங்கியிருந்தது. வெள்ளைப் பசைக்கு நல்லது செய்கிற இறுக்கம் இதற்கு ஆகாது போலிருக்கிறது. அடுத்த துண்டுகளை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பட்டும் படாமல் கட்டினாள். அவை பிடித்த பிடியை விடவில்லை.

அதோடு நிறுத்தினாளா? அவளுடைய கணவர் வாடகைக் கார் ஓட்டுபவர். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, வளைத்துக் கட்டிய துண்டுகள் வரிசையாக உட்கார்ந்தன.

"ஏறுறவங்க எல்லாம் இது என்னன்னு கேக்குறாங்க. நான் என்னத்த சொல்ல?"

"பசைய வெயில்ல பழக்குறோம்னு சொல்லுங்க."

"நல்லா சொன்ன. பழகுறது நான்தான்."

உச்சி வெயிலில் கார் பூட்டிக் கிடந்த ஒருநாள், இரண்டு டப்பாப் பசை இளகித் துண்டுகள் நழுவின. பூசிய பிறகு சூட்டில் வைத்துப் பதப்படுத்தினால் வெயிலைத் தாங்கும் என்றார் கடைக்காரர். அதற்கு ஒரு சூட்டுப் பெட்டி வேண்டும். அவள் கண் கணவரின் துணி அலமாரி மேல் போனது. உள்ளே நாலு குண்டு பல்பு மாட்டினால் போதும்.

"என் சட்டையெல்லாம் எங்க போகும்?" என்று அவர் அலமாரியை மறித்துக்கொண்டு நின்றார். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சூட்டுப் பெட்டி யோசனை அதோடு நின்றது. கடைசியில் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது தூள் பசை. தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும், தூள் பறக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும், காய நெடுநேரம் எடுக்கும். இவ்வளவு பிகு செய்கிறதே, வேறு பார்க்கலாமா என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் காய்ந்த பிறகு அது கண்ணாடி மாதிரி விறைத்து நின்றது. காரின் வெயில் அதை அசைக்கவில்லை. உளி வைத்து அடித்தபோது ஒட்டிய இடம் அப்படியே இருக்க, பக்கத்து மரம் நார் நாராகக் கிழிந்து வந்தது. அந்தக் கிழிசலை அவள் வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் எடுத்துக் காட்டினாள்.

புது வில் மைதானத்துக்குப் போனது, ஏன் அக்காவும் கூடவே போனாள். அம்பு வைக்கும் வெட்டு நாத்தனாரின் கைக்குத் தோதான பக்கத்தில் இருந்தது. முதல் அம்பு இலக்கைத் தாண்டிப் பறந்தது. அடுத்தது ஓரத்தைத் தொட்டது. அதற்கடுத்து முழுக்க இழுத்தபோது, பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம்.

வில் இரண்டாகித் தொங்கியது. மாஸ்டர் ஓடிவந்தார். "அடி கிடி பட்டுச்சாம்மா?" அடி ஒன்றும் இல்லை. ஆனால் நாத்தனாரின் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "எவ்வளவு கஷ்டப்பட்டு செஞ்சீங்க அண்ணி..."

அண்ணி காதில் வாங்கினால்தானே? அவள் புல்வெளியில் மண்டியிட்டு, உடைந்த முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள்.

"இங்க பாரு! மரம்தான் போயிருக்கு. பசை ஒரு இடத்துலகூட விடல!"

"வில்லு உடைஞ்சதுக்கா இந்தச் சிரிப்பு?"

"வில்லு இன்னொண்ணு செஞ்சுக்கலாம்மா. வெளித்தகட்டுல நார் குறுக்க ஓடியிருக்கு பாரு, அதான் காரணம். நேர் நார் மரமா நான் பாத்து எடுத்திருக்கணும். பசை மேல பழியே இல்ல."

கையில் பாதி வில்லோடு நாத்தனார் அவளையே பார்த்தாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கடைசியில் அவளும் மண்டியிட்டு உட்கார்ந்து, "எங்க, காட்டுங்க" என்றாள். இருவர் தலையும் அந்த உடைசலின்மேல் கவிழ்ந்திருந்ததைப் பார்த்து மாஸ்டர் திரும்பிப் போனார்.

அடுத்த வில்லுக்கு மரத்தை இருவரும் சேர்ந்து போய்த்தான் தேர்ந்தெடுத்தார்கள். அது உடையவில்லை. நாத்தனார் இன்னும் அதில்தான் எய்துகொண்டிருக்கிறாள். இலக்கின் நடுவில் அம்பு குத்துவது அபூர்வம்தான். ஆனாலும் கை மாற்றிப் பழகச் சொல்லி மாஸ்டர் மறுபடி வாய் திறக்கவில்லை.

சமீபத்தில் ஒருவர் கடைக்கு வந்து, தனக்கும் ஒரு வில் வேண்டும், தேக்கில் செய்ய முடியுமா என்று கேட்டார். ஏன் அக்கா சட்டத்தை ஓரமாக வைத்தாள்.

"தேக்குல எண்ணெய்ப் பசை இருக்குமே. அது மேல என் தூள் பசை பிடிக்குமா, பிடிக்காதா?"

அவருக்கு எப்படித் தெரியும்? "பாத்து சொல்றேன், போயிட்டு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, பரணில் தேக்குத் துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று தேட ஏணியை எடுத்துச் சாய்த்தாள்.