கல்லுல திரும்பின அலை

பேய், பிசாசு, காத்து கருப்புன்னா எனக்கு எப்பவுமே சிரிப்புதான். எங்க நைனா புத்தூர் பக்கம் கரும்பு போடறவரு, கரண்டு எந்நேரம் வந்தாலும் தனியா போயி மோட்டார் போட்டுட்டு வருவாரு, அவர் பொண்ணு நான் இதெல்லாம் நம்புவனா? அதுவும் திருப்பதில எம்.எஸ்சி ஜியாலஜி படிச்சவ. நீங்க நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க, நடந்தது நடந்ததுதான். இப்பவும் எனக்கு அந்தக் கல்லு மேல பயம் இல்ல. அந்த மனுசன் மேல ஆத்திரம்.

எங்க பிராஜெக்ட் கைடு. பேரு வேணாம். கண்டம்லாம் நகருது, இந்தியா தெக்க எங்கேயோ இருந்து மிதந்துகினு வந்து ஆசியாவுல முட்டிச்சி, அதுலதான் இமயமலையே எழும்பிச்சின்னு ரெண்டு கையையும் மோதிக் காட்டி நடத்துவாரு பாருங்க, கிளாஸே வாயப் பொளந்துகினு கேக்கும். அவ்ளோ நல்லா நடத்துவாரு. அத நெனச்சாதான் இன்னும் எரியுது.

எனக்கு பிராஜெக்ட் குடுத்தது வடமாலபேட்டை தாண்டி இருக்கிற மலை. அந்த மலைக் கல்லு ஒரு காலத்துல கடற்கரை மணலு, சத்தியமா. மீனில்ல, நண்டில்ல, மனுசன் எங்க இருக்கப் போறான், வெறும் தண்ணியும் மணலுமா இருந்த காலம். அலை அடிச்சி மணல்ல வரி வரியா விழும் இல்ல, அது அப்டியே இறுகி கல்லாயிருக்கு. ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் சாய்வா இருக்கும், ஒரு பக்கம் செங்குத்தா இருக்கும். செங்குத்தா இருக்கிற பக்கம்தான் தண்ணி ஓடின தெச. காம்பஸ் வெச்சி அத அளக்கணும், அதான் என் வேல.

நானும் என் கிளாஸ்மேட் சிரீஷாவும் போனோம். ஓடைக்கு மேல கல்யாண மண்டபத்து மேடையாட்டம் ஒரு பாற. பாற பூரா வரி. அளந்தோம், எல்லாமே கெழக்கு. அளந்த எடத்துல சாக்பீஸ்ல கெழக்க பாத்து அம்பு போட்டுட்டு வந்தேன்.

கைடு அத பாத்துட்டு, "ஏமிம்மா இதி, என்ன இது? அந்த மலையில எல்லாரும் மேக்குன்னு அளந்திருக்காங்க, நீ மட்டும் கெழக்கா? ரூம்ல குந்திகினு எழுதினியா?"ன்னாரு. அதோட விட்டாரா, கிளாஸ் மொத்தத்தையும் பஸ்ல ஏத்தி அங்க இட்டுகினு வந்துட்டாரு. என் தப்ப எல்லாரும் பாக்கணுமாம்.

போயி பாத்தா வரியெல்லாம் மேக்க பாத்துகினு இருக்கு. அதே பாற. நான் போட்ட சாக்பீஸ் அம்பு அங்கேயே கெழக்க காட்டிகினு இருக்கு, அதுக்குக் கீழ கல்லு மேக்க திரும்பி இருக்கு.

"கண்ணு தெரியாததுக்கெல்லாம் சீட்டு குடுத்தா இப்டிதான்"னாரு. எல்லாம் சிரிச்சாங்க. சிரீஷா மட்டும், "சார், நானும் பாத்தேன், கெழக்குதான் இருந்துச்சி"ன்னா. "நீயும் அவ கூட சேந்தவதான"ன்னு அவ வாயையும் அடச்சிட்டாரு.

அப்புறம் எல்லாரும் புளியோதர பொட்டலத்த எடுத்துகினு துன்றதுக்கு ஓடைக்கு எறங்கிட்டாங்க. நான் போகல. ஆத்திரத்துல அழுதுகினு அங்கேயே நின்னுகினு இருந்தேன். அவர் போட்டோ எடுத்துகினு இருந்தாரு. கொஞ்ச நேரத்துல, "இங்க வாம்மா"ன்னாரு. கொரலே வேற மாதிரி இருந்துச்சி.

கல்லு நகர்றத நான் பாக்கல, பொய் சொல்ல மாட்டேன். கண்ண தொடச்சிகினு குனிஞ்சி பாத்தா வரியெல்லாம் கெழக்க திரும்பி இருக்கு. அவர் காம்பஸ வெக்கறாரு, எடுக்கறாரு, மறுபடி வெக்கறாரு. அவர் காலுக்குப் பக்கத்துல, வரிக்கு நடுவுல, ஒரு ஷூ தடம். ஈர மணல்ல மிதிச்சா ஓரத்துல மண்ணு பிதுங்கி நிக்கும் பாருங்க, அப்டியே. தொட்டுப் பாத்தேன், கல்லு. குதிகால்ல ஒரு ஓரம் தேஞ்சி போன தடம். நான் வலது கால தேச்சி நடப்பேன், என் ஷூவும் அப்டித்தான் தேஞ்சிருக்கும். கால வெச்சேன். கச்சிதமா உக்காந்துச்சி.

அவர் என்ன பாத்தாரு, தடத்த பாத்தாரு. பையிலேர்ந்து சுத்திய எடுத்து அடிக்க ஆரம்பிச்சிட்டாரு.

"சார் வேணாம் சார்! எல்லாரையும் கூப்டலாம் சார்!"

"எவரிக்கீ செப்பகு"ன்னாரு. யாருக்கும் சொல்லாதேன்னு. வேர்வ ஊத்துது, ஆனா நிறுத்தல. அந்தத் தடத்த மொத்தமா ஒடச்சி சில்ல எல்லாம் வாரி பையில போட்டுகினாரு. பாறையில தட்டு அகலத்துக்கு வெள்ளையா காயம்.

கீழ போயி, தண்ணி குடிச்சிட்டு, எல்லார் முன்னாடியும் சொல்றாரு, "இந்தப் பொண்ணு தப்ப ஒத்துகிச்சி. மேக்குதான்."

"பொய் சொல்றீங்க சார்!"ன்னு கத்திட்டேன். என் மூஞ்ச பாக்காமயே, "வெயிலு ஒத்துக்கல போல, நெழல்ல குந்த வைங்க"ன்னாரு. பைத்தியம்னு நேரா சொல்லியிருந்தா கூட பரவால்ல.

மேக்குன்னு எழுதினாதான் கையெழுத்துன்னாரு. எழுத மாட்டேன்னேன். பெயில். வேற கைடு, வேற மலை, ஒரு வருஷம் போச்சி. ஊர்ல நைனா யாருக்கும் பதில் சொல்ல முடியாம தவிச்சாரு. அந்த மனுசன் இன்னும் அதே கிளாஸ்ல கைய மோதி கண்டம் நகருதுன்னு காட்டிகினுதான் இருக்காரு. பூமியே நகரலாமாம், என் கல்லு மட்டும் நகரக் கூடாதாம்.

படிப்பு முடிஞ்சதும் நானும் சிரீஷாவும் மறுபடி அங்க போனோம். அன்னிக்கு அவர் கைக்குத் தப்பி தெறிச்ச ஒரு சில்ல நான் எடுத்து வெச்சிருந்தேன், பாதி குதிகால் தெரியும் அதுல. காயம் பட்ட எடத்துல அத பொருத்திப் பாக்கலாம்னு எடுத்துகினு போனேன். காயமே இல்ல. பாற முழுசா இருக்கு, ஒரு அலை வந்து மூடிட்டுப் போன மாதிரி வரி வரியா ஓடுது. தடவித் தடவிப் பாத்தோம், ஒரு கீறல் இல்ல. சிரீஷா என் கைய புடிச்சி இஸ்துகினு எறங்கிட்டா.

சில்லு இன்னும் என்கிட்டதான் இருக்கு. ஜியாலஜி படிச்சவங்க கல்ல நாக்குல வெச்சிப் பாக்கறது ஒரு பழக்கம். அந்த மலைக் கல்லுக்கு ருசியே கெடையாது. இது உப்பு கரிக்குது. எத்தினியோ தரம் கழுவிட்டேன். இன்னிக்கு காலைல கூட கரிச்சிது.