மணி அடிக்காத வீடு

மயிலாப்பூரில் நான் வளர்ந்த அநாதை விடுதியில் எல்லாவற்றுக்கும் மணி அடிப்பார்கள். எழுந்திருக்க மணி, குளிக்க மணி, சுவாமி கும்பிட மணி, சோற்றுக்கு மணி. பசித்தால் சாப்பிடுவது என்பது வெளியில் இருக்கிறவர்களின் கெட்ட பழக்கம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். மூன்றாம் பாரத்தோடு படிப்பு நின்று, மீசையும் முளைத்த பிறகு, என்னையும் இன்னும் மூன்று பேரையும் தனியாக வாழப் பழக்குவது என்று விடுதிக் கமிட்டியார் தீர்மானித்தார்கள்.

கமிட்டிப் பெரியவர்களில் ஒருவர்கூட ஆயுளில் ஒருநாள் தனியாக இருந்ததில்லை. தலைவர் ஒரு வக்கீல். மாமனார், மைத்துனர்கள், சமையல்காரர், அவருக்கு ஓர் எடுபிடி என்று வீடு கொள்ளாத ஜனம். அதனாலோ என்னவோ, தனி வாழ்க்கையின் மேன்மையைப் பற்றி அவரால் மூச்சு விடாமல் பேச முடிந்தது. "சொந்தக் கால்ல நிக்கணும்டா பசங்களா" என்பார். அந்தக் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருப்பவர் அவருடைய டிரைவர்.

ஏரியைத் தூர்த்துப் புதிதாக மனை போட்டிருந்த தியாகராய நகரில் எங்களுக்கு ஒரு வீடு பிடித்தார்கள். ஏரி போய்விட்ட செய்தி தவளைகளுக்கு மட்டும் எட்டவில்லை. நாங்களே சமைக்க வேண்டும், நாங்களே துவைக்க வேண்டும். மணி கிடையாது. தலைவர் சரி என்று சொன்னால் சொந்தமாக அறை எடுத்துக்கொண்டு போகலாம். இல்லையென்றால் மறுபடி விடுதிக்குப் போய், அரைக்கால் சட்டைப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார வேண்டும்.

முதல் நாள் சமையல் ஆயிற்று. இலை போட்டுப் பரிமாறி நால்வரும் உட்கார்ந்தோம். ஒருவர் கையும் சோற்றுக்குப் போகவில்லை. குழம்பில் ஆடை படர்ந்தது.

"இன்னாடா, துன்னலாமா?" என்றான் எங்களில் குள்ளனாக இருந்தவன்.

"இன்னும் அடிக்கலியேடா" என்றேன்.

"இங்க யாருடா அடிப்பான்? உங்க மாமனா?"

கடைசியில் அவனே எழுந்துபோய்க் கரண்டியால் பானை மூடியை ஓங்கித் தட்டினான். மறுநொடி எல்லார் வாயிலும் சோறு. அதற்குப் பிறகு மூடி சத்தம் கேட்காமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிட்டதில்லை.

நான் லஸ்ஸில் ஒரு பாயின் சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். அவருக்குச் சாந்தோமில் ஓர் அறை காலியாக இருந்தது. "ரூம்பு உனக்குத்தான் தம்பி. ஆனா உங்க தலைவரு சரின்னு சொல்லணும். இந்த வாரத்துக்குள்ள வர்லேன்னா வேற ஆளுக்கு வுட்டுடுவேன்" என்றார். எனக்குத் தூக்கம் போயிற்று. தலைவர் வேண்டாம் என்றால் என்ன செய்வது? சரி என்றால்தான் என்ன செய்வது? அங்கே மூடியை யார் தட்டுவார்கள்? நானே தட்டி நானே சாப்பிட்டால் அது செல்லுமா?

அந்த வாரத்து விடுமுறை நாளில் தலைவர் எங்களைப் பரீட்சிக்க வந்தார். மூடியை விறகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தோம்.

"சாப்பிடுங்கோடா."

நான்கு ஜோடிக் கைகளும் மடியிலேயே இருந்தன.

"என்னடா முழிக்கறேள்? பசிக்கலையா?"

"பசிக்குது சார்."

"அப்போ சாப்பிடறதுக்கென்ன?" என்னைக் காட்டினார். "இவனையா தனியா விடறது? இன்னும் ஒரு வருஷம் விடுதியிலேயே..."

அதற்குள் டிரைவர் வாசலில் தலையை நீட்டினார். "எசமான், வூட்லேர்ந்து ஆள் வந்துகீறான். அம்மா எலை போட்டுட்டாங்களாம். இப்ப வர்லேன்னா அல்லாத்தையும் எடுத்து வெச்சுடுவாங்களாம்."

தலைவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "அடடா, முன்னாடியே சொல்லப்படாதோ!" பூட்ஸ் கயிற்றைக்கூடக் கட்டாமல் ஓடிய மனிதரைத் துரத்திக்கொண்டு நானும் ஓடினேன்.

"சார், என் ரூம்பு?"

"போடா, போய்த் தொலை! காரை எடுப்பா!"

"அவருக்கும் அட்ச்சிட்டாங்கடா" என்றான் குள்ளன்.

போய்த் தொலை என்றால் சரி என்றுதான் அர்த்தம் என்று பாயிடம் சாதித்து, அறைக்குக் குடிபோனேன். சோறு வடித்து, இலை போட்டு, மூடியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். செல்லுமா, செல்லாதா? அப்போது சாந்தோம் மாதா கோயிலில் மத்தியான மணி அடித்தது. கண்ணில் நீர் வராத குறையாகச் சாப்பிட்டேன்.

அடுத்த விடுமுறையில் மீனவர் குப்பத்தில் யாரோ காலமாகி, சாயங்காலம் அதே மணி நிறுத்தி நிறுத்தி அடித்தது. வயிறு நிறைந்துதான் இருந்தது. இருந்தாலும் எழுந்துபோய் இலையைப் போட்டேன்.