நல்ல உருது தேவைப்படும் நாட்கள்

நாஜிமாபாத்தில் கைஸர் ஜஹானின் முகத்தை அறியாதவர்கள் உண்டு, குரலை அறியாதவர்கள் கிடையாது. கறிக்கடையில் அவள் ஸலாம் சொல்ல வாயைத் திறந்ததுமே அக்ரம், "ரேடியோ ஆபா வந்துட்டாங்க" என்று அக்கா முறை கொண்டாடிப் பெஞ்சைத் துடைத்துப் போடுவான். அப்புறம் எல்லோருக்கும் போடுகிற அதே எலும்பைத்தான் அவளுக்கும் போடுவான். குரலுக்கு மரியாதை உண்டு. தராசில் அது செல்லாது.

சர்க்கார் வானொலியில் அவள் வாலிபம் முழுக்கக் கழிந்தது. மத்தியானத்தில் பெண்கள் நிகழ்ச்சி, சாயங்காலம் செய்தி. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அவளுக்குக் கிடைத்த பதவி வெண்டைக்காய் நறுக்குவதும், தண்ணீர் லாரிக்காரனிடம் சண்டை போடுவதும். தெருவிலேயே அவனைச் சுத்தமான உருதுவில் திட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போவான்.

இந்த நிலைமையில்தான் ஒரு தனியார் எஃப்.எம். நிலையத்திலிருந்து போன் வந்தது. உருது நாள் கொண்டாடுகிறார்களாம், ஆபா வந்து ஒரு மணி நேரம் நடத்திக் கொடுக்க வேண்டுமாம். நன்றாகப் போனால் வெள்ளிக்கிழமை தோறும் அவளுக்கென்றே ஒரு நேரம் ஒதுக்குவார்களாம். கைஸர் ஜஹான் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். போனை வைப்பதற்குள் யோசித்து முடித்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொந்தத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சேதி போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் இனி வெண்டைக்காயை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று மருமகள் அனமிடமும் சொல்லியாயிற்று.

அந்த நாள் காலையில் வெள்ளைக் கமீஸுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டாள்.

"ரேடியோல யார் அம்மி பார்க்கப் போறாங்க?" என்றாள் அனம்.

"கசங்கல் குரல்ல தெரியும்டி."

நிலையத்தில் குளிர்சாதனம் பிணவறை மாதிரி ஜிலுஜிலுத்தது. கூட நிகழ்ச்சி நடத்தப் போகிற பெண்ணுக்குப் பெயர் ஸோ. பெற்றவர்கள் ஸோபியா என்று முழுசாகத்தான் வைத்திருந்தார்கள். "ஆபா, யூ ஆர் ஸோ க்யூட்! ஆக்சுவலி எங்க ஜெனரேஷனுக்கு உருதுன்னா அது ஒரு வைப்" என்று கட்டிக்கொண்டாள். அதில் உருது எது என்று கைஸர் ஜஹான் தேடிப் பார்த்தாள்; 'ஆபா' மட்டும்தான் அகப்பட்டது.

வாசிக்க வேண்டிய தாள் வந்தது. தாய்மொழியைப் போற்றுவோம் என்கிற உரை, முழுக்க முழுக்க ஆங்கில எழுத்தில். பேரப்பிள்ளைகள் போனில் அனுப்புவார்களே, அந்த மாதிரி உருது. அவற்றை அவள் அனமிடம் கொடுத்துத்தான் படித்துக் கேட்பாள். உருது எழுத்தில் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டாள். நிலையத்தில் அதை வேகமாகப் படிக்கிறவர்கள் யாருமே இல்லையென்றும், அதனால் எல்லோருக்கும் இப்படியே அடித்துக் கொடுப்பதுதான் வழக்கமென்றும் மேனேஜர் ஹாரிஸ் பணிவாகச் சொன்னான். "ஈஸிதான் ஆன்ட்டி."

சிவப்பு விளக்கு எரிந்தது.

எத்தனையோ பெரிய பெரிய வாக்கியங்களை மூச்சு வாங்காமல் வாசித்தவள், 'நம் இனிய மொழி' என்கிற இடத்துக்கு வருவதற்குள் மூன்று தரம் தடுக்கி விழுந்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருந்தது. ஸோ பாய்ந்து வந்து, "ஆபா எமோஷனல் ஆயிட்டாங்க, கைஸ்!" என்று சொல்லி பிரியாணி மசாலா விளம்பரத்துக்குத் தாவினாள்.

மசாலா முடிவதற்குள் கைஸர் ஜஹான் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். விளக்கு மறுபடி எரிந்ததும் வாயில் வந்ததைப் பேசினாள். உருதுவுக்காக இன்று கண்ணீர் விடுகிறவர்கள் கல்யாணப் பத்திரிகையை எந்த மொழியில் அச்சடிக்கிறார்கள் என்று கேட்டாள். தன் மகனின் பத்திரிகையும் இங்கிலீஷில்தான் இருந்ததாகவும், அதில் தன் பெயரையே தான் தேடித்தான் கண்டுபிடித்ததாகச் சொன்னாள். ஸோ நிஜமாகவே சிரித்தாள். "பட் அந்தக் காலத்து ரேடியோ எவ்வளவு ப்யூர், இல்லே ஆபா?"

அங்கேதான் காரியம் கெட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமை அவள் மடியில் விழுந்திருக்கும்.

"பொய்தாம்மா ப்யூரா இருந்துச்சு" என்றாள். "ஊர் எரியுது. ஜன்னல் வழியாப் புகையைப் பார்த்துக்கிட்டே 'நகரில் முழு அமைதி நிலவுகிறது'ன்னு வாசிச்சேன். என் வீட்டுக்காரர் ஊரடங்குல மாட்டிக்கிட்டு யார் வீட்டு மாடியிலேயோ படுத்துக்கிட்டு அதைக் கேட்டிருக்கார். வீட்டுக்கு வந்து, 'உன் அமைதி நல்லாத்தான் இருந்துச்சு, கொஞ்சம் டயர் வாடை ஜாஸ்தி'ன்னார். பொய்யை அவ்வளவு அழகான உருதுவில சொல்லிச் சொல்லியே அந்த மொழியைக் கெடுத்துட்டோம். இப்போ யாராவது நல்ல உருது பேசினா, எதையோ மறைக்கறான்னு ஜனங்களுக்குத் தோணுது. நீங்க என்ன பேசறீங்கன்னு எனக்குப் புரியலே. ஆனா மசாலா விக்கறீங்கன்னு தெளிவாத் தெரியுது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹாரிஸ் பட்டம் விடுகிறவன் மாதிரி கையை ஆட்டினான். பாட்டு ஓடியது. பாட்டுக்கு மேல் பாட்டு ஓடியது. அவளுடைய ஒரு மணி நேரம் பாட்டிலேயே தீர்ந்தது.

ஹாரிஸ் நல்ல பையன். தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னான். நேயர்கள் போன் மேல் போன் போட்டுப் புகழ்ந்தார்களாம். ஆனால் சர்க்கார் விளம்பரம் நிறைய வருகிற இடமாம் இது. வெள்ளிக்கிழமை இப்போதைக்கு வேண்டாமாம்.

"ஆனா உங்களை விடமாட்டோம் ஆபா. ரமலான்ல கண்டிப்பாக் கூப்பிடுவோம். அப்புறம் பெரியவங்க யாராவது தவறிட்டா, அந்த நாளுக்கு உங்க உருதுதான் பொருத்தம். எங்க பசங்க வாசிச்சா நல்லாருக்காது."

"இப்போ யாருக்காவது உடம்பு முடியலையா?"

கேலி என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் யோசித்து, பழைய பாடகர் ஒருவர் ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், எதற்கும் போனைக் கையிலேயே வைத்திருக்கும்படியும் சொன்னான்.

"சாவுக்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லை, மகனே. தானா வந்து உட்கார்ந்து அழுதுட்டுப் போவேன். வாசிக்க வரமாட்டேன்." தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்தாள்.

கீழே காரில் அனம் காத்திருந்தாள். மாமியாரின் பேச்சு போய்ப் பாட்டு ஓடத் தொடங்கியதுமே ரேடியோவை அணைத்துவிட்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை?" என்றாள்.

"இல்லே. யாராவது செத்தா உண்டாம்."

அனம் வண்டியைக் கிளப்பினாள். சிக்னலைத் தாண்டினாள்.

"நீங்க பேசினதுல பாதி எனக்குப் புரியலே, அம்மி."

"எந்தப் பாதி?"

"அதைத்தான் கேட்கணும்னு இருந்தேன்" என்று அனம் வண்டியை ஓரமாக ஒதுக்கி மெதுவாக்கினாள். "அந்த டயர் வாடை விஷயத்தை முதல்ல இருந்து சொல்லுங்க. அவர் யார் வீட்டு மாடியில படுத்திருந்தார்?"